திறந்தவெளி ஜாஸ் மேடையில் ரிப்பன் மைக்: எங்கே வைப்பது, எதிலிருந்து காப்பது

கேள்வி இதுதான்: மைதானத்தில் மேடை. டிரம்பெட், டெனர் சாக்ஸ், பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் என்று ஐந்து பேர் கொண்ட ஜாஸ் குழு. கையில் மூன்று நான்கு ரிப்பன் மைக். வெளியே எடுத்துப் போனால் கிழிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், பித்தளை வாத்தியத்துக்கு அதைவிட நல்ல மைக் கிடையாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? வைப்பதென்றால் எப்படி வைப்பது?

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். வைக்கலாம். ஆனால் உள்ளரங்கில் வைப்பதுபோல் வைக்க முடியாது. முதலில் ரிப்பன் எதனால் சாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பது நெளிநெளியாக மடித்த அலுமினியத் தகடு. ஒலியில் இது ஆடுவதுதான் சிக்னலாகிறது, ரிப்பன் என்பதும் இதைத்தான். மைக்குக்கு மைக் மாறும் என்றாலும் தடிமன் பொதுவாக 2 மைக்ரான் அளவில்தான் இருக்கும். ராயர் நிறுவனத்தின் ஆர்-121 ரிப்பன் மைக்கில் 2.5 மைக்ரான். தலைமுடி இதைப்போல் பல மடங்கு தடிமன். இந்தத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட இழுவிசையே இல்லாமல் தொங்குகிறது. சத்தம் அதிகமானால் கிழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் வீண் பயம். ஆர்-121 தாழ்ந்த 20 ஹெர்ட்ஸிலேயே 135 டெசிபல் வரை தாங்கும் என்று ராயர் குறிப்பிடுகிறது. ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது, தகடும் கூடவே ஆடித் திரும்பிவிடும். வீசும் காற்று அப்படியல்ல, ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். தகடு நீண்டு, தொய்ந்து, காந்தத்தில் உரசத் தொடங்கும். ஆக, மைக்குக்கு எதிரே நிற்கும் டிரம்பெட்டைவிட, மேடை ஓரத்தில் வாத்தியக்காரருக்காகச் சுழலும் ஃபேன்தான் ரிப்பனுக்கு எமன்.

மிக்ஸரில் லோ கட் (அடிஸ்தாயியை வெட்டும் ஃபில்டர்) போட்டுவிட்டேன், காற்றுச் சத்தம் போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. லோ கட் சிக்னலைத்தான் வெட்டுகிறது. தகடு அங்கே மைக்குக்குள் இன்னமும் தள்ளப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது, மைக்கின் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த அடியதிர்வில் திணறிக்கொண்டிருக்கிறது. காற்றை மைக்குக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும்.

மைக்கோடு ஒட்டிய ஸ்பாஞ்ச் உறை பாதி வேலைதான் செய்யும். காற்றை உண்மையில் அடக்குவது உறைக்கும் மைக்குக்கும் நடுவே இருக்கும் அசையாத காற்றிடம். சுற்றிலும் சில செ.மீ. இடைவெளி விட்ட கூண்டு, அதன்மேல் மெல்லிய துணி, அதற்கும் மேல் ரோமத் துணி: படப்பிடிப்பில் மைக்குக்குப் போடுகிறார்களே, அதே வகை. மேடையில் அது கண்ணுக்கு அழகாக இருக்காது, நிகழ்ச்சி நடத்துபவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கூண்டு இல்லையென்றால், தளர்வான ஸ்பாஞ்ச் உறையோடு, பத்து செ.மீ. தள்ளி இரட்டை நைலான் பாப் ஃபில்டர் ஒன்றை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் கட்டுங்கள். பின்னால் எதற்கு? ரிப்பன் இரண்டு பக்கமும் திறந்தது, மைதானத்துக் காற்று பெரும்பாலும் பார்வையாளர் பக்கத்திலிருந்து, அதாவது மைக்கின் முதுகிலிருந்துதான் வரும். முன்பக்கம் மட்டும் மறைத்து மைக்கைப் பறிகொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

எவ்வளவு காற்று வரை தாங்கலாம்? கருவி வேண்டாம், மரத்தைப் பார்த்தால் போதும். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ. கூண்டும் ரோமத் துணியும் இருந்தால் வைக்கலாம், வெறும் ஸ்பாஞ்ச் போதாது. புழுதியும் காகிதமும் எழும்பினால் 20-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ரிப்பன்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உறுதியான, சுருள் வகை டைனமிக் மைக்கை மாட்டுங்கள். வாதமே வேண்டாம். இன்னும் துல்லியம் வேண்டுமானால், லோ கட்டை எடுத்துவிட்டு அந்தச் சானலின் ஸ்பெக்ட்ரத்தில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாருங்கள். யாரும் வாசிக்காதபோதும் அங்கே பட்டைகள் எழும்பி விழுந்துகொண்டிருந்தால் உறை போதவில்லை.

இவ்வளவு தொல்லைக்கு என்ன பலன்? ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: பித்தளையின் கூர்மை காதைக் குத்தாமல் உருண்டு வரும். இன்னொன்றுதான் மேடையில் முக்கியம். ரிப்பன் இயல்பாகவே எட்டு வடிவத்தில் கேட்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு, பக்கவாட்டில் ஏறக்குறைய பூஜ்யம். இந்தக் கேளாத பகுதி இடம், வலம் என்று இரண்டு புள்ளிகள் அல்ல. மைக்கைச் சுற்றி வளையமாக ஓடும் ஒரு தளம், அதில் மேலும் கீழும் அடக்கம். கார்டியாய்டு (முக்கியமாக முன்பக்கம் கேட்கும் வகை) மைக்கின் முதுகுப் பக்கம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும், அடிஸ்தாயியில் ஓட்டை விழும். ரிப்பனின் கேளாத் தளம் எல்லா ஸ்தாயியிலும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். எல்லாத் திசையிலிருந்தும் வரும் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் எட்டு வடிவமும் கார்டியாய்டும் ஒரே அளவுதான் வாங்குகின்றன, எல்லாப் பக்கமும் கேட்கும் ஓம்னி மைக் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் 'எட்டு வடிவம் என்றால் ஃபீட்பேக்' (ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பி ஊளையிடுவது) என்பது கணக்குப்படி நிற்காத பேச்சு. முன்பக்கத்தை வாத்தியத்துக்குக் காட்டுவது யாருக்கும் வரும். கேளாத் தளத்தை எதன்மேல் போடுகிறோம் என்பதில்தான் வித்தை இருக்கிறது.

டெனர் சாக்ஸை எடுத்துக்கொண்டு இதைக் கிட்டத்தில் பார்ப்போம். வாசிப்பவர் பார்வையாளரை நோக்கி நிற்கிறார். மைக்கைச் சமமட்டமாக அவரை நோக்கி வைத்தால் அதன் முதுகு கூட்டத்தைப் பார்க்கும். அவர் முன்னால் தரையில் கிடக்கும் மானிட்டர் வெட்ஜ் (வாசிப்பவர் கேட்பதற்கான சாய்வு ஸ்பீக்கர்) அந்த முதுகின் கீழ்ப்பகுதியில் மாட்டிக்கொள்ளும். 45 டிகிரி விலகலில் குறைவது வெறும் 3 டெசிபல். ஃபீட்பேக் வருவது இங்கேதான், பழி விழுவது மைக் மேல். இப்போது மைக்கைச் சற்று உயர்த்தி, பெல்லுக்கு (வாத்தியத்தின் விரிந்த வாய்க்கு) மேலும் முன்னுமாக 35 செ.மீ. தள்ளி, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாயுங்கள். முதுகு எங்கே பார்க்கிறது? கூட்டத்தின் தலைக்கு மேலே, வானத்தை. உள்ளரங்கில் அங்கே கூரை இருக்கும், சத்தம் அடித்துத் திரும்பும். வெளியில் அங்கே எதுவுமில்லை. கேளாத் தளமும் கூடவே சாய்ந்து, மைக்கிலிருந்து முன்னோக்கி 45 டிகிரி கீழே இறங்கும். மைக் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்து, வெட்ஜ் ஸ்பீக்கரின் நடு 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், வெட்ஜை மைக்கின் நேர்க்கீழிலிருந்து சரியாக 1 மீட்டர் முன்னே வையுங்கள். அது கேளாத் தளத்தில் விழும். இடத்திலும் வலத்திலும் நிற்கும் மற்ற வாத்தியங்களும், மேடை இரு பக்கமும் உள்ள பெரிய ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே அந்தத் தளத்தில்தான் இருக்கின்றன. மிஞ்சுவது சாக்ஸுக்கு நேர் பின்னால் இருக்கும் சமாச்சாரம். டிரம்ஸை அங்கே போடாதீர்கள், ஒரு ஓரமாகத் தள்ளுங்கள். வெட்ஜைப் பத்து செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தியபடியே கெயினை ஏற்றிப் பார்த்தால், ஃபீட்பேக் எந்த இடத்தில் பின்வாங்குகிறது என்று காதே சொல்லிவிடும். கிடைத்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் இடைவேளையில் யாராவது காலால் தள்ளியிருப்பார்கள்.

மேடைக் கூரை தாழ்வாக இருந்தால் இந்தச் சாய்வின் பலன் குறையும். முன்விளிம்புக்கு அருகே, கூரைக்கு வெளியே வானம் தெரியும்படி வாத்தியக்காரரை நிறுத்த முடிந்தால் நல்லது. ஆனால் அங்கேதான் காற்றும் அதிகம், இரண்டையும் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

சாக்ஸை பெல்லின் வாய்க்குள் குறிபார்க்கவே கூடாது. ஒலியில் பெரும்பங்கு துளைகளிலிருந்து வருகிறது. பெல்லின் விளிம்பையும் நடுச் சாவிகளையும் சேர்த்துப் பார்க்கும்படி வையுங்கள். 30 செ.மீ.க்கும் கிட்டே போனால் அடிஸ்தாயி ஊதிப் பெருக்கும், ஏனென்றால் அருகாமை விளைவு எட்டு வடிவத்தில்தான் மிக அதிகம். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸ் லோ கட், 250-க்குக் கீழே 3 டெசிபல் ஷெல்ஃப் குறைப்பு, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3 முதல் 5 டெசிபல் ஏற்றம். இந்த ஏற்றத்துக்குத் தயங்க வேண்டாம். ரிப்பனின் மேல்ஸ்தாயி வழவழப்பானது, ஏற்றினாலும் கண்டென்சர் மைக்போல் சீறாது.

டிரம்பெட்டும் அதே சாய்வுதான், தூரம் மட்டும் 50 முதல் 60 செ.மீ. பெல்லின் நேர்க்கோட்டிலிருந்து 15 செ.மீ. மேலே வைத்தால் ஊதும் அழுத்தம் தகட்டில் நேராக மோதாது. மைக் உயரமாகிவிடுவதால் வெட்ஜ் இன்னும் முன்னே போகவேண்டும்: உயர வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு தூரம். வாசிப்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஹார்மன் மியூட் (பெல்லுக்குள் செருகும் அடைப்பான்) போடுவாரா? அந்த மியூட்டில் ஒலி மெலிந்துவிடும் என்பதால், எல்லோரும் பழக்கதோஷமாக மைக்கை முட்டுமளவு நெருங்கிவிடுவார்கள். பாதிப் பாட்டில் மியூட்டை உருவிவிட்டு அதே இடத்திலிருந்து முழு மூச்சில் ஊதினால் ரிப்பன் போச்சு. பக்கத்திலேயே மியூட்டுக்கென்று ஒரு டைனமிக் மைக் வைத்து, எது எதற்கு என்று சவுண்ட் செக்கிலேயே காட்டிவிடுங்கள். டிராம்போன் வந்தால் 60 செ.மீ. ஸ்லைடு நீளும் தூரத்தையும் கணக்கில் வையுங்கள், அது ஸ்டாண்டைத் தட்டிவிடும்.

புல்லாங்குழலுக்கு வெளியில் ரிப்பன் வேண்டாம். மூச்சு நேராக வரும். கிக் டிரம்மில் துவாரத்துக்கு எதிரேயும் வேண்டவே வேண்டாம், அங்கே வருவது ஒலியோடு சேர்ந்த காற்றுக் குத்து.

டபுள் பேஸ்தான் ரிப்பனின் உண்மையான அருமை தெரியும் இடம், கூடவே அதிகம் தவறு நடக்கும் இடமும். பிரிட்ஜுக்கு 25 செ.மீ. எதிரே, சற்று உயர்த்தி வைத்துவிட்டு, மைக்கின் விளிம்பு டிரம்ஸைப் பார்க்கும்படி திருப்புங்கள். பேஸ்காரர் எப்படியும் டிரம்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்பார், ஸ்னேரும் சிம்பலும் கேளாத் தளத்தில் விழுந்து மறையும். எந்தக் கார்டியாய்டும் இவ்வளவு சுத்தமாக டிரம்ஸை ஒதுக்காது. மைக்கின் முதுகு அப்போது எதைப் பார்க்கிறது என்று ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள். பேஸ் ஆம்ப் அங்கே இருந்தால் இடத்தை மாற்றுங்கள். பெரிய மைதானத்தில் மைக்கை மட்டும் நம்ப முடியாது, வாத்தியத்திலேயே பொருத்தும் பிக்கப்பும் வேண்டும். இரண்டையும் கலக்கும்போது பிக்கப் முந்திக்கொள்ளும். 25 செ.மீ. கடக்க ஒலிக்கு முக்கால் மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பிக்கப் சானலுக்கு 0.7 மில்லிசெகண்ட் டிலே கொடுத்து, போலாரிட்டியை (சிக்னல் நேரா, தலைகீழா என்பதை) இரண்டு விதமும் போட்டு, கீழ் நாதம் எதில் திடமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதிக்குப் பிக்கப், விரல் படும் ஓசைக்கு ரிப்பன் என்று பிரித்துவிட்டால் ரிப்பனை 80 ஹெர்ட்ஸில் வெட்டலாம், ஃபீட்பேக்கும் அடங்கும்.

போலாரிட்டி பற்றிச் சொன்னதும் ஒன்று: எட்டு வடிவத்தின் முதுகுப் பக்கம் தலைகீழ் போலாரிட்டியில் வரும். சாக்ஸ் மைக்கின் முதுகில் ஸ்னேர் விழுந்து, அதே ஸ்னேர் டிரம்ஸுக்கு மேலே உள்ள ஓவர்ஹெட் மைக்கிலும் வந்தால், இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போது ஸ்னேர் மெலிந்துபோகும். ஈக்யூவைத் திருகுவதற்கு முன் அதைச் சோதியுங்கள். ஆர்-121-இன் முதுகு, கிட்டத்தில், முன்பக்கத்தைவிடச் சற்றுப் பிரகாசமாக ஒலிக்கும். வேண்டுமென்றே திருப்பி வைத்துப் போலாரிட்டியை மாற்றிப் பயன்படுத்துவதும் உண்டு.

பியானோவில் எட்டு வடிவ ரிப்பனைக் கம்பிகளுக்கு மேல் வைத்தால் முதுகு மூடியைப் பார்க்கும், மூடியில் பட்டுத் திரும்பும் ஒலி கலந்து குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். இங்கே பேயர்டைனமிக் எம் 160 போன்ற ஹைப்பர்கார்டியாய்டு (கார்டியாய்டைவிடக் குறுகலாக முன்பக்கம் கேட்கும்) ரிப்பன் பொருந்தும். ஹாமர்களிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒன்று, கீழ்க் கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்று. அதன் கேளாத் திசை 90 டிகிரி அல்ல, 110-க்கு அருகே, வெட்ஜை அதற்கேற்ப வையுங்கள். எட்டு வடிவம் மட்டுமே இருக்கிறதென்றால் பியானோவுக்கு வேறு மைக் போடுங்கள்.

டிரம்ஸ் ஓவர்ஹெட்டில் சிம்பல் பட்டுபோல் வரும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மேடையில் இருப்பதிலேயே உயரமான, காற்று அதிகம் படும் மைக் அதுதான். அமைதியான மாலையில் ஸ்னேருக்கு ஒரு மீட்டர் மேலே ஒன்றே ஒன்று, முதுகு வானத்துக்கு. மற்ற நாட்களில் கண்டென்சர்.

இனி மின்சாரப் பக்கம். மின்சுற்று இல்லாத சாதா ரிப்பனுக்கு ஃபான்டம் பவர் (மிக்ஸர் கேபிள் வழியே மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட்) தேவையில்லை. சரியான கேபிளில் அது வந்தாலும் 2, 3 என்ற இரண்டு பின்னிலும் சமமாக வருவதால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மின்னோட்டம் எதுவும் ஓடாது. ஒரு பின் மட்டும் கிரவுண்டோடு ஷார்ட் ஆன கேபிளில்தான் விபத்து: 48 வோல்ட் ஒரு பக்கமாகப் பாய்ந்து, தகட்டை உதறித் தள்ளிவிடும். மைதான மேடைகளில் மிதிபட்ட கேபிளுக்குப் பஞ்சமா? ரிப்பனுக்கான கேபிள்களை டெஸ்டரில் போட்டுப் பார்த்துத் தனி நிற டேப் சுற்றிவிடுங்கள். சானல்களில் ஃபான்டம் அணைந்திருப்பதை மைக் செருகும் முன்பே பாருங்கள், இப்போதுதான் அணைத்தீர்கள் என்றால் அரை நிமிடம் பொறுங்கள். டிஜிட்டல் மிக்ஸரில் இன்னொரு கண்ணி உண்டு: முந்தைய குழுவுக்குச் சேமித்த சீனை (மிக்ஸர் அமைப்புத் தொகுப்பை) திரும்ப அழைத்தால் ஃபான்டமும் கூடவே திரும்பி வரும். ரிப்பன் சானல்களை ரீகால் சேஃபில் (சீனை அழைத்தாலும் மாறாதபடி) போடுங்கள். மானிட்டருக்குத் தனி மிக்ஸர் இருந்தால் எந்த மிக்ஸரிலிருந்து ஃபான்டம் போகிறது என்று அந்தப் பக்கத்து ஆளிடம் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். ராயர் ஆர்-122 போல உள்ளே மின்சுற்று உள்ள ரிப்பன்களுக்கு மாறாக ஃபான்டம் அவசியம். இரண்டு வகையும் ஒரே மேடையில் இருந்தால் குழப்பம் நிச்சயம், ஸ்டாண்டிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கெயின் போதுமா என்பது வாத்தியத்தைப் பொறுத்தது. ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 2.5 மில்லிவோல்ட் தரும் ரிப்பன் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். டிரம்பெட் மைக்கில் 110 டெசிபல் வருகிறதென்றால் வெளியீடு சுமார் 16 மில்லிவோல்ட், லைன் அளவுக்கு ஏற்ற 38 டெசிபல் கெயின் போதும், எந்த மிக்ஸரும் தரும். மெல்ல வாசிக்கும் பேஸில் 80 டெசிபல்தான் என்றால் அரை மில்லிவோல்ட், 68 டெசிபல் வேண்டும். மேடைப் பெட்டியின் ப்ரீஆம்ப் பெருமூச்சு விடத் தொடங்கும் இடம் அது. அங்கே 20 முதல் 25 டெசிபல் தரும் இன்லைன் பூஸ்டரை மைக் அருகே போடுங்கள். கிளவுட்லிஃப்டர் போன்ற பூஸ்டர்கள் ஃபான்டமைத் தாங்களே எடுத்துக்கொண்டு மைக்குக்கு விடுவதில்லை, அதனால் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கிறது. டிரம்பெட்டில் மட்டும் பூஸ்டர் போடாதீர்கள், கத்தும். ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்தடை மைக்கினுடையதைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும், பத்து மடங்கு இருந்தால் நிம்மதி. குறைந்தால் அடிஸ்தாயி மெலியும்.

ஹம் வந்தால் உடனே கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். மைக்குக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலுள்ள ஆம்ப், லைட் டிம்மர், எல்இடி திரையின் பவர் சப்ளை இவற்றின் காந்தப்புலத்தை வாங்கும். ஹெட்போனில் கேட்டபடி மைக்கை அதன் அச்சில் மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் ஹம் அடங்கும். அந்தக் கோணமும் கேளாத் தளத்தின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் ஆம்பை ஒரு மீட்டர் நகர்த்துவதுதான் வழி. ஒரு நல்ல சேதி: இரவுப் பனி ஈரத்தில் கண்டென்சர் படபடவென்று பொரியும். சாதா ரிப்பனில் அந்தத் தொல்லை கிடையாது. மழைத்துளி மட்டும் படக்கூடாது.

மேடையில் ரிப்பன் கடைசியாக ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும். ஸ்டாண்ட், கேபிள், மணல் மூட்டை, லைன் செக் எல்லாம் ஒரு டைனமிக் மைக்கை வைத்து முடித்துவிட்டு, பிறகுதான் பெட்டியைத் திறங்கள். கோல்ஸ் 4038 ஒரு கிலோவுக்கு மேல் எடை, லேசான பூம் ஸ்டாண்ட் காற்றில் சாய்ந்துவிடும். தூக்கிக்கொண்டு நடக்கும்போது துணிப்பை போட்டு மூடுங்கள், வீசி நடக்கும் காற்றே போதும் தகட்டை இழுக்க. பையைப் படக்கென்று உருவாதீர்கள். 'ஃபூ ஃபூ' என்று ஊதிச் சோதிப்பவர் மேடையில் ஒருவராவது இருப்பார், அவர் வருவதற்குள் பையைத் திரும்ப மாட்டிவிடுங்கள். தரையில் மட்டும் வைக்கவே வேண்டாம்: மண்ணில் இரும்புத் துகள் இருக்கும், மைக்கின் காந்தம் அதை உள்ளே இழுத்துத் தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே சேர்த்துவிடும். பிறகு வரும் கரகரப்பை ஊதி எடுக்க முடியாது. ஊதவும் கூடாது.

தகடு தொய்ந்துவிட்டதா என்று பார்க்க மல்டிமீட்டரை மாட்டாதீர்கள். அதே மாடல் மைக் இன்னொன்றை ஒட்டி வைத்து, அரை மீட்டர் தள்ளிச் சின்ன ஸ்பீக்கரில் பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) விட்டு, ஒரே கெயினில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அளவு குறைந்திருந்தாலோ, அடிஸ்தாயி மெலிந்திருந்தாலோ, கீழ் நாதத்தில் காகிதம் உரசுவதுபோல் கேட்டாலோ தகடு போய்விட்டது, தயாரிப்பாளரிடம் அனுப்பித் தகடு மாற்ற வேண்டியதுதான்.

கச்சேரி முடிந்ததும் பையை மாட்டிய பிறகே ஸ்டாண்டிலிருந்து கழற்றுங்கள். பெட்டி மூடியை அறைந்து மூடினால் உள்ளே அமுங்கும் காற்றே தகட்டைத் தள்ளும், விரல் இடுக்கில் வைத்து மெதுவாக இறக்குங்கள். வண்டியில் ஏற்றும்போதும் வீட்டு அலமாரியிலும் தகடு செங்குத்தாக நிற்கும்படி பெட்டியை நிறுத்தி வையுங்கள். மாதக்கணக்கில் படுக்க வைத்தால் தகடு தன் எடையிலேயே தொய்யும்.